கால் பிரேக்

கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் கியரைக் குறைத்தபோது ஜீப்பின் அடியில் 'டங்' என்று கேட்டது. இந்த முறை இருக்கை வரைக்கும் அதிர்ந்தது.

அருணகிரி வண்டியை ஓரங்கட்டினார்.

அணுபுரத்தில் புறப்பட்டதிலிருந்தே அந்தச் சத்தம் கூடவே வந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் வேறு சத்தம் இல்லை. மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை. ரேணுகா அப்பாவைக் கேட்காமல் ஹரிகிருஷ்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே அப்படித்தான். சொல்லியே தீர வேண்டியதை மட்டும் அருணகிரி சொல்வார். அதிலும் 'நீ' இருக்காது, 'நீங்க'வும் இருக்காது.

இரண்டு மணிக்குள் ஹரிகிருஷ்ணன் சென்னையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இந்த மழையில் ஒரு டாக்சியும் வர ஒப்பவில்லை. கடைசியில் காலையில் வாசலில் வந்து நின்றது மாமனாரின் பழைய ஜீப்தான்.

"நான் இறங்கிப் பாக்கறேன் மாமா."

"எறங்கவும் வேணாம், வண்டியில கை வெக்கவும் வேணாம். இந்தப் பக்கம் நவுந்து குந்தினா போதும்." அருணகிரி அதை ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

ஹரிகிருஷ்ணன் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து ஓட்டுகிற இருக்கைக்கு வந்தான். காது சூடாகியிருந்தது.

அருணகிரி ஈரத் தாரில் மண்டியிட்டு அடியில் தலையைக் கொடுத்தார்.

"பிரேக்க மிதிச்சிகினே ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்ச்ச கொஞ்சூண்டு வுடணும்."

டங்.

"இப்ப ரிவர்ஸ்."

டங்.

முன்பக்கமிருந்து இல்லை. கியர் பாக்ஸும் இல்லை. இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தார். கடைசி இணைப்பில் அது விழப்போகிற பல்லாட்டம் ஆடியது.

"ஜாயிண்ட் போயிடுச்சி. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா ஷாஃப்ட் கயண்டு ரோட்ல குத்தியிருக்கும்."

அந்த ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு முன் சக்கரங்களை மட்டும் வைத்து ஓட்டலாம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் அந்த வழி உண்டு. ஆனால் இந்த ஜீப்பில் கைப்பிரேக் பிடிப்பதும் அதே ஷாஃப்ட்டைத்தான். அது கழன்றுவிட்டால் கைப்பிரேக்கும் நிறுத்தாது, கியரும் நிறுத்தாது. முன் சக்கரங்களை இன்ஜினோடு சேர்க்கும் லீவரோ வண்டி கொஞ்சம் உருண்டால்தான் விழும். அதுவரை இந்த ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து வைக்கப்போவது கால் பிரேக் ஒன்றுதான்.

"மாமா, அடியில நான் போறேன். நீங்க வந்து பிரேக்கைப் பிடிங்க."

"எறங்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

இதுவரை கேட்காத குரல். ஹரிகிருஷ்ணன் கதவிலிருந்து கையை எடுத்தான்.

அருணகிரி ஓரத்தில் கிடந்த இரண்டு கற்களைப் பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். மழைத் தண்ணீர் ஏற்றத்திலிருந்து இறங்கி அவர் முதுகுக்கு அடியில் ஓடியது.

முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதும் கழன்றது.

ஹரிகிருஷ்ணனின் காலுக்குக் கீழே பிரேக் மெல்ல இறங்கியது.

அழுத்திப் பார்த்தான். இன்னும் இறங்கியது. எங்கோ கசிகிறது. வண்டி ஒரு விரல்கடை பின்னால் போயிற்று. கல் தாரில் உராய்ந்தது.

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

காலைத் தூக்கிச் சட்டென்று மீண்டும் மிதித்தான். பிரேக் பிடித்தது. பிடித்து, திரும்பவும் இறங்க ஆரம்பித்தது.

"மாமா, வெளிய வந்துடுங்க. நிக்கல."

"ரெண்டு போல்ட்டுதான் பாக்கி கீது. வுட்டு வுட்டு மிதிச்சிகினே இருக்கணும்."

மிதித்தான். தூக்கினான். மிதித்தான். ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் மூச்சை நிறுத்திக்கொண்டான். கல்யாணமான புதிதில் இந்த மனிதர் தன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது, வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது.

பக்கத்து இருக்கையில் போன் அடித்தது. ரேணுகா. கையை நீட்டினால் கால் தளர்ந்துவிடும். அடித்து ஓய்ந்தது.

சவுக்குக் கட்டை ஏற்றிய குட்டியானை மினி லாரி ஒன்று மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. அதை ஓட்டி வந்தவன் ஜீப்புக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த நரைமுடிக் கால்களைப் பார்த்தான். பிறகு ஹரிகிருஷ்ணனைப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, வயசானவர மழையில படுக்க வுட்டுட்டு நீ மேல குந்திகினு கீற. நல்லாவா கீது?"

பதில் அடியிலிருந்து வந்தது.

"அவர ஒண்ணும் சொல்லாத நைனா. நான்தான் எறங்க வேணான்னேன். நாளைக்குக் காலையில அவரு கிட்னிய எடுத்து எம் பொண்ணுக்கு வெக்கறாங்க. அவரு ஒடம்புல இன்னிக்கி ஒரு கீறல் வுழக் கூடாது."

குட்டியானைக்காரன் இறங்கிப் போய், தன் வண்டியிலிருந்து இரண்டு தடித்த சவுக்குக் கட்டைகளை உருவி வந்து, பின் சக்கரங்களுக்கு அண்டையில் காலால் உதைத்து இறுக்கினான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவனும் அடியில் புகுந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஷாஃப்ட் தாரில் மோதி உருண்டது.

"கட்ட குடுத்தாச்சி. கால எடுங்க மாப்ள," என்றார் அருணகிரி.

ஹரிகிருஷ்ணன் எடுக்கவில்லை. அருணகிரி முழுதாக வெளியே வந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நிமிர்ந்து நிற்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தான்.