ஏறுகிறவனும் இறங்குகிறவனும்

“நான் இறங்கணும் மாஸ்டர், என் தம்பி ஏறணும். மூணு மாசம்தான் டைம்.”

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ கட்டடத்து லிஃப்டைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் ஜிம் மாஸ்டர் முதலில் நினைத்தார். அவர் எடை மெஷினில் ஏறி நிற்க, நூற்று நான்கு கிலோ என்று முள் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது.

“அண்ணன் தம்பிக்குள்ள பந்தயமா அண்ணே?”

“அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்.”

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். தம்பியின் சாப்பாட்டுப் பட்டியல், அவர் கையெழுத்தில்.

“சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை... சரிதான். சதை போடறவருக்கு மாவுச்சத்து தாராளமா வேணும்.” கடைசி வரிக்கு வந்ததும் மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார். “படுக்கப் போறப்ப ரொட்டியும் ஜாமுமா? யாராவது இப்படிச் சாப்பிடுவாங்களா?”

“அதை மட்டும் அடிச்சிடாதீங்க. ராத்திரி வெறும் வயித்தோட அவன் படுக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு?”

“அவனைப் பார்த்துக்கறவர். இந்த விஷயத்துல பெரிய கை.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அடுத்த தெருவில் புதிதாக ஏசி ஜிம் வந்ததிலிருந்து இவருடைய ஆட்கள் ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போயிருந்தார்கள். பெரிய கையாம். பார்த்துவிடலாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

“உங்களுக்குச் சோறு இனி பாதிதான். சர்க்கரை, மைதா பக்கமே திரும்பக் கூடாது. ஓட்ஸ், பயறு, காய்கறி, அவ்வளவுதான்.”

“ஒரேயடியாப் பட்டினி கிடந்தா சீக்கிரம் இறங்குமா மாஸ்டர்?”

“பட்டினி கிடந்தா சதைதான் போகும். கொழுப்பு சட்டமா உட்கார்ந்திருக்கும்.”

அன்றிலிருந்து மெக்கானிக்கைப் பிழிந்து எடுத்தார் மாஸ்டர். மதியச் சாப்பாட்டு டப்பாவை தினமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஒரு ஸ்பூன் சோறு அதிகமாகத் தெரிந்தாலும் மறுநாள் இருபது நிமிடம் கூடுதலாக நடக்கவிட்டார். ஒருநாள் மெக்கானிக் மூச்சு வாங்கத் தரையில் சரிந்து உட்கார்ந்தபோது, “உங்க தம்பி சிரிக்கப் போறாரு” என்றார். உடனே எழுந்துவிட்டார் மனிதர்.

பன்னிரண்டாவது வாரம் முள் எண்பத்தொன்பதில் நின்றது. மாஸ்டர் அவரைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுக்கப் போனார். பெரிதாக்கி வாசலில் மாட்டினால் ஏசி ஜிம்முக்குப் போகிறவர்களின் கண்ணில் படும்.

“படமெல்லாம் வேணாம் மாஸ்டர். நாளையிலேருந்து கொஞ்ச நாள் வரமாட்டேன்.”

“அது கிடக்கட்டும். தம்பி எவ்வளவு ஏறினாரு?”

“மூணு கிலோ.” மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. “போதுமாம்.”

“மூணே மூணா? நீங்க பதினஞ்சு இறங்கியிருக்கீங்க அண்ணே!” மாஸ்டரின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. “இப்ப என்ன சொல்றான் அந்த ஏசி ஜிம்காரன்?”

“எந்த ஜிம்காரன்?”

“அதான், உங்க தம்பியைப் பார்த்துக்கறவன். பெரிய கை.”

 மெக்கானிக் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவர் சர்ஜன் மாஸ்டர். என் கல்லீரல்ல கொழுப்பு ஜாஸ்தி, அதைக் கரைச்சாத்தான் எடுக்க முடியும்னு சொல்லியிருந்தாரு.”

“எடுத்து?”

“பாதியைத் தம்பிக்கு வைக்கறாங்க, வர்ற வெள்ளிக்கிழமை.”