முதல் பரிசுக் கட்டுரை

"பதினாலாம் பக்கம் எங்கேங்க?"

அச்சக முதலாளியின் மேஜை மேல் விழா மலரை விரித்துப் போட்டார் தலைமையாசிரியை. பதினைந்தாம் பக்கத்தில் அவரே கன்னத்தில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

'இளம் உயிர்களைக் காப்போம்' மலர் அது. தற்கொலைத் தடுப்புக்காகப் பள்ளியில் ஒரு வாரம் முழுக்க விழா. பேரணி, பேச்சுப் போட்டி, வாசகப் போட்டி, கட்டுரைப் போட்டி. மாணவர்கள் மனம்விட்டுப் பேச மட்டும் நேரம் ஒதுக்க முடியவில்லை. நிகழ்ச்சி நிரல் அவ்வளவு நெருக்கம்.

"முதல் பரிசு வாங்கின கட்டுரைங்க! அதையே விட்டிருக்கீங்க. நாளைக்குக் காலையில கல்வி அதிகாரி வந்து வெளியிடறார்."

"அஞ்சு நடுவர்கள்!" கூட வந்திருந்த தமிழ் சார் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். "சாக நினைக்கிற பொண்ணு ஒருத்தி பேசற மாதிரி எழுதியிருந்தா. என்ன கற்பனை, என்ன நடை! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். இருநூற்றுப் பதினாறு வந்திருந்தனவே.

முதலாளி உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க!"

கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் அக்கா வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கட்டுரை ஏன் வரலை?"

"விட்டுப் போச்சு சார்."

"முழுக் கட்டுரையுமா?"

"மன்னிச்சிடுங்க."

"பதினேழு வருஷமா ஒரு கால்புள்ளியைக்கூட விட்டதில்லை. இப்ப என் மானமே போச்சு. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

அக்கா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இவங்களைத் தண்டிக்கறது எனக்கு முக்கியமில்லைங்க," என்றார் தலைமையாசிரியை பெருந்தன்மையாக. "அந்தக் குழந்தை மனசு என்ன பாடுபடும்? அதான் என் கவலை. வெளிய கார்லதான் உக்காந்திருக்கா. கூப்பிடுங்க சார்."

அந்தக் குழந்தை மனசைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள், சாட்சிக்கு.

பதினோராம் வகுப்புப் பெண். தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வேண்டாம் என்பதுபோல் அக்கா லேசாகத் தலையாட்டினார்.

"பாரும்மா, உன் கட்டுரையை விட்டவங்க இவங்கதான். உன் மனசுல என்ன இருக்கோ தைரியமாச் சொல்லு."

பள்ளி அவளிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"நான்தான் மேடம் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்."

"நீயா? இவங்களை உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தாங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். இனி மறைத்துப் பயனில்லை என்று அக்கா வாய் திறந்தார்.

"கற்பனைன்னா கண்ணீர், இருட்டுன்னு எழுதுவாங்க சார். இவ, தனக்கப்புறம் கலர் பென்சில் பெட்டி தங்கச்சிக்கு, வாங்கின புஸ்தகம் லைப்ரரிக்குன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சு எழுதியிருந்தா. எனக்குக் கை ஓடலை. ஸ்கூலுக்கு போன் பண்ணினேன். 'நீங்க எழுத்துப்பிழையை மட்டும் பாருங்க, விஷயத்தை நாங்க பாத்துக்கறோம்'னு ஒரு சார் சொன்னார். போட்டிப் படிவத்துல வீட்டு முகவரி இருந்துச்சு. போயிட்டேன்."

தமிழ் சார் சுவரிலிருந்த காலண்டரை ஆர்வமாகப் படிக்கத் தொடங்கினார்.

"என் பக்கத்துல உக்காந்து, 'சாகணும்னு தோணுதா கண்ணு?'ன்னு நேராவே கேட்டாங்க," என்றாள் பெண். "அதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை. ஆமான்னேன். திட்டலை, புத்தி சொல்லலை. ரெண்டு மணி நேரம் நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 'உங்கம்மாகிட்ட சொல்லாம இருக்க மாட்டேன். ஊர்ல வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னாங்க. மறுநாளே அம்மா என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அக்காவும் வந்தாங்க. இப்ப வாராவாரம் போறேன். இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா, தோணும்போது சொல்றதுக்கு ரெண்டு மூணு பேர் இருக்காங்க."

நகர்ந்துபோய் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அது கட்டுரை இல்லை மேடம். அதை அச்சுல போட்டு எல்லாரும் கை தட்டறதை என்னால பாக்க முடியாதுன்னு அழுதேன். அதான் விட்டாங்க. இதுக்குப் போய் அவங்க வேலையை எடுக்காதீங்க."

முதலாளி எழுந்து தன் நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினார். "உக்காருங்கக்கா," என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னது யார் என்றே அவருக்கு ஞாபகம் இல்லாததுபோல் இருந்தது.

தலைமையாசிரியை மலரை மெல்ல மூடினார்.

தமிழ் சாருக்குத்தான் மனசு ஆறவில்லை. உண்மையிலேயே நொந்துபோய்க் கேட்டார்.

"ஏம்மா, தினமும் உன் கண்ணெதிர்லதானே இருக்கோம்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே சார். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேனே." பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "'செத்துப் போயிடலாம்'னு எழுதின இடத்துல 'ப்' விட்டுப் போச்சுன்னு சிவப்பு மையில சுழிச்சு, ரெண்டு மார்க் குறைச்சீங்க."