அதே விரல்

மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு வந்தவள், டாக்டரை விடுவதாக இல்லை.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்கிட்டயிருந்துதானே வந்திருக்கும்?”

“பரம்பரை இல்லம்மா. சூடு குளிருக்குத் தக்கபடி ரத்தக்குழாயைத் திறந்து மூடறதுக்குன்னே சில செல்லுங்க இருக்கு. அதுங்க கட்டுக்கடங்காம பெருகி, நகத்துக்கு அடியில கட்டியாயிடுச்சு. கேன்சர் இல்ல. எடுத்துட்டா வலி போயிடும்.”

அவள் தழும்பு விழுந்த தன் விரலை நீட்டினாள். “எனக்கும் இதே விரல்ல எடுத்தாங்களே!”

“தற்செயல்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் நிம்மதியாவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தார். ஆனால் அவள் முகம் தொங்கிப்போனது.

வெளியே குழாயடியில், குளிர்ந்த தண்ணீர் பட்டு மகள் அலறினாள்.

“இவ்வளவு வலியிலயும் ஆபரேஷன் வேணாங்கறாளே, அவ்வளவு பயமா?”

“பயமில்ல டாக்டர். அவ நான் பெத்த பொண்ணு இல்ல. போன மாசம் யாரோ உளறிட்டாங்க. பேச்சையே நிறுத்திட்டா. அப்புறம் ஒருநாள் இந்த விரலைக் காட்டி, ‘உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கு, அப்போ நான் உன் பொண்ணுதானே’ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.”

டாக்டர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். மகளை உள்ளே கூப்பிட்டார்.

“அச்சு அசல் உங்கம்மாவுக்கு வந்த அதே கட்டிதாம்மா. எடுத்தா, அவங்களுக்கு மாதிரியே தழும்பும் விழும்.”

அம்மாவின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகள் தன் கையை நீட்டினாள்.

“தழும்பு மறைஞ்சு போயிடாதுல்ல, டாக்டர்?”