கிண்ணத்தின் ஓசை

விருத்தாசலம் அங்கன்வாடிப் பாயில் விருத்தாம்பாள் பீங்கான் கிண்ணங்களைப் பரப்புகிறாள், முதல் போணிக்குக் கடை விரிக்கிறவளின் மிடுக்கோடு. எதிரே, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யும் பிரபா. சற்றுமுன் அவள் விருத்தாம்பாளின் நாலு வயது மகள் தென்றலின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். மற்ற பிள்ளைகள் துள்ளித் திரும்பினார்கள், தென்றல் திரும்பவில்லை. "காது கேக்கலைன்னு என் புள்ளையையா சொல்றீங்க? நல்லா சொன்னீங்க போங்க!" விருத்தாம்பாளுக்கு செராமிக் கம்பெனியில் பீங்கானைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை; கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். "வூட்டுல என்னாட்டமே தட்டிப் பாத்து, விரிசல் வுட்டதைத் தனியா வச்சிடுறா. காது கேக்காமலா?"

ஜன்னல் வெயிலில் எல்லாக் கிண்ணமும் ஒரே வெள்ளை. தென்றல் ஒன்றை எடுத்து விரல் கணுவால் தட்டுகிறாள். கணீரென்கிறது. காதருகே பிடித்துக் கண்ணை இடுக்குகிறாள். பிறகு, சரக்கை விட்டுவிட்டுக் கடைக்காரர் முகத்தைப் படிக்கிற தேர்ந்த கிராக்கியைப் போல, அம்மாவை ஏறிட்டுப் பார்க்கிறாள். அம்மா முகம் மலர, கிண்ணம் வலப்பக்கம் போகிறது. அடுத்தது மொத்தென்கிறது. மறுபடி அதே பார்வை. அம்மாவின் புருவம் சுருங்க, அது இடப்பக்கம் போகிறது. "பாத்தீங்களா!" பிரபா பார்த்துவிட்டாள். "அக்கா, கொஞ்சம் சுவத்துப் பக்கமா திரும்பிக்குங்களேன்" என்கிறாள் தணிந்த குரலில். விருத்தாம்பாள் சிரித்தபடியே திரும்பிக்கொள்கிறாள். பின்னால் ஒரு கிண்ணம் மொத்தென்கிறது. விரிசல்தான். அதை இடப்பக்கம் வைக்கிற சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள். சத்தம் வரவில்லை. கிண்ணத்தை ஏந்தியபடி தென்றல் சுற்றி வந்து அவள் முன்னால் நிற்கிறாள். விருத்தாம்பாளின் உதட்டில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. தென்றல் அதைப் பார்த்துவிட்டுப் போய், விரிசல் கிண்ணத்தை நல்ல கிண்ணத்தோடு சேர்த்து வைக்கிறாள்.