ஐந்தாவது பெயர்

அப்பாவை இந்த வாரம் ஐந்தாவது இடத்துக்கு இறக்கினேன்.

போன வாரம் மூன்றில் இருந்தார். அதற்கு முன்னால் ஆறு. ஒரே இடத்தில் வைத்தால் சந்தேகப்படுவார். வாழ்நாள் முழுக்கத் துணை நடிகராக இருந்தவர். ஏற்ற இறக்கம் இல்லாத எதையும் நம்பமாட்டார்.

"வெண்டல் எப்படிடி எனக்கு மேல வந்தான்?" டேப்லெட்டை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு கேட்டார். "செத்தது நான். அவன் சும்மா நின்னு அழுதான். யாருக்குக் குடுக்கணும், நீயே சொல்லு."

அமெரிக்க டிவி நடிகர்களுக்குக் கொடுக்கிற எம்மி விருதுக்கு யார் யார் பரிந்துரைக்கப்படுவார்கள் என்று கணிப்பது என் பைத்தியம். அதற்கென்று ஒரு வெப்சைட் வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள், திட்டுகிறார்கள், மறுபடி வந்து படிக்கிறார்கள். பிடித்தவர்களுக்காக வளையமாட்டேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு.

ஊர் உலகம் படிக்கிற அந்தப் பக்கத்தில் லோவல் ப்ரூயிட் என்ற அப்பாவின் பெயர் கிடையாது.

அவருடைய டேப்லெட்டில் திறக்கிற பக்கம் வேறு. அவருக்காக மட்டும் நான் செய்தது. அதன் கீழே வருகிற பின்னூட்டங்களும் நானே எழுதுவதுதான். 'லோவல் ப்ரூயிட்டா? இந்த மனுஷன் இத்தனை நாள் எங்கே இருந்தார்?' என்று ஒருவன். 'இவரெல்லாம் வரமாட்டார்' என்று இன்னொருவன். அந்த இரண்டாவது ஆளோடு அப்பா விடிய விடியச் சண்டை போட்டார். பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

விருது விழா செப்டம்பரில். செப்டம்பரைப் பற்றிப் பேச்செடுத்தால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். ஜூலையில் வருகிற பரிந்துரை அறிவிப்புதான் அப்பாவுக்கு எட்டுகிற தூரம்.

ஒரு ஆஸ்பத்திரித் தொடர். ஒரே ஒரு எபிசோட். சாகக் கிடக்கிற அண்ணனாக அப்பா, தம்பியாக வெண்டல் ஹூப்பர். நிஜத்திலும் இருவரும் நடிப்புப் பள்ளியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். கீமோ முடிந்த கையோடு போய் நடித்துவிட்டு வந்தார். மேக்கப் போடுகிற பெண், செய்ய ஒன்றும் இல்லை என்று சொன்னாளாம். அதை ஒரு பாராட்டு மாதிரி எல்லோரிடமும் சொன்னார்.

அறிவிப்பு வரும்வரை தன் நடிப்பைத் தானே பார்ப்பது ராசியில்லை என்பது அப்பாவின் சட்டம். இதையும் பார்க்கவில்லை.

"நீ பாத்தல்ல?"

"பாத்தேம்ப்பா."

"போதும்."

இன்று காலை சவரம் செய்துவிடச் சொன்னார். பைஜாமாவுக்கு மேலே, விருது விழாவுக்குக் கட்டுகிற கறுப்பு போ டை. எங்கள் ஊர் பர்பேங்கில் காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. அவருக்கு மட்டும் குளிர்.

எட்டரைக்கு நேரலை தொடங்கியது. இரண்டு பேர் மேடையில் நின்று பல் தெரியப் பெரிய பிரிவுகளை வாசித்தார்கள். முடித்தார்கள். கையாட்டிவிட்டுப் போனார்கள்.

"எங்க பிரிவையெல்லாம் வாயால வாசிக்கமாட்டானுங்க குட்டி. ஒரு எபிசோடுக்கு வந்துட்டுப் போறவங்கதானே நாங்க. நீ போன்ல பாரு."

பார்த்தேன்.

ஆறு பெயர்கள். ஊருக்கு நான் கணித்துச் சொன்ன அதே ஆறு. இந்தப் பிரிவில் ஒன்றுகூடத் தப்பாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

சத்தமாக வாசித்தேன். முதல் நான்கு அப்படியே. ஐந்தாவதாக இருந்தது வெண்டல் ஹூப்பர்.

"லோவல் ப்ரூயிட்" என்றேன்.

ஆறாவது பெயர் அவர் காதில் விழவில்லை. கழுத்தில் போ டை மட்டும் ஏறி இறங்கியது.

"இன்னொரு தடவ."

வாசித்தேன். இரண்டாம் தடவை பொய் சுலபமாக வந்தது.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வெண்டல்?"

"வரலப்பா." சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இத்தனை வாரமும் அவரைத்தானே திட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ, பாவம்டி. இந்தக் காலை எப்படி இருக்கும்னு எனக்குத்தானே தெரியும்? ஒரு பய போன் பண்ணமாட்டான். தனியா உக்காந்து காபிய வெறிச்சுப் பாத்துட்டிருப்பான். போடு அவனுக்கு."

"அப்புறமாப் பேசலாம்ப்பா. முதல்ல ரெஸ்ட் எடுங்க."

"இன்னிக்குப் பேசாம என்னிக்குப் பேசறது?"

போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிடுங்கியிருக்கலாம். அவர் விரல்களில் அவ்வளவு பலம் இல்லை. நான் பிடுங்கவில்லை. வெண்டலின் நம்பர் அவருக்கு மனப்பாடம். ஸ்பீக்கரில் போட்டு மார்மேல் வைத்துக்கொண்டார்.

ரிங் போனது.

அந்த எபிசோடை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மூடிய கதவுக்கு முன்னால் நின்று வெண்டல் அழுகிறார். கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. அந்த முகமே போதும், உள்ளே போகவேண்டாம் என்று எடிட்டிங்கில் யாரோ முடிவு செய்திருக்கவேண்டும். கதவு கடைசிவரை திறக்கவில்லை. உள்ளே சாகிறவன் யார் என்று காட்டவே இல்லை.

ரிங் போய்க்கொண்டிருந்தது. அப்பா தொண்டையைச் செருமி, துக்கம் விசாரிக்கிற குரலைத் தயார்செய்துகொண்டார்.

அந்தப் பக்கம் போனை எடுத்ததும் முதலில் கேட்டது கைதட்டல்.