கேமரா ரிப்பேர்

இடது கண் வீங்கி, புருவத்தில் மூன்று தையலோடு அந்த ஆள் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்ததும், நின்றவர்கள் தாமாகவே வழி விட்டார்கள். யாரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள்.

“என்னங்க இது கண்ணு?” என்று பதறினாள் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி.

“முந்தாநாள் ஊர்வலத்துல பட்டதுங்க.”

அது போதாதா? கடையே கொதித்தது. வங்கிகள் வரிசையாக நிற்கும் தெரு அது. கடனுக்கு வீட்டை ஏலத்தில் பறிகொடுத்தவர்கள் முந்தாநாள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் ஈவிரக்கமில்லாமல் அடித்து விரட்டியது. அன்றிலிருந்து போலீஸ்காரனுக்குத் தெருவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

“நேத்து ஒருத்தன் கண்ணு டெஸ்ட் பண்ண வந்தான்” என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. “வயசானவங்களைக் கண்ணு தெரியாமத்தானே அடிச்சீங்க, அப்படியே இருங்கன்னு அனுப்பிட்டேன்.”

“ரோட்டை மறிச்சா கொஞ்சவா செய்வாங்க?” என்று முணுமுணுத்தார் டை கட்டிய வங்கி ஊழியர் ஒருவர். அவ்வளவுதான், நாலு பேர் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தார்கள். மனுஷன் எடுத்த நகலைக்கூட வாங்காமல் இடத்தைக் காலி செய்தார்.

ஜெராக்ஸ்காரர் மட்டும் நகல் எடுப்பதிலேயே குறியாக இருந்தார். ஊர்வலத்தில் மைக் பிடித்த பெண்ணைப் போலீஸ் வலைவீசித் தேடுகிறது. சிக்கினால் அஞ்சு வருஷம் உள்ளே என்று பேச்சு. முகக்கவசம் போட்டிருந்ததால் அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இவருக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள். இப்போது சித்தி வீட்டில் ஒளிந்திருக்கிறாள்.

கடை வாசல் கேமராவில் அடிதடி முழுக்கப் பதிவாகியிருந்தது. மகள் தண்ணீர் குடிக்க முகக்கவசத்தை இறக்கியதும் அதில்தான் இருந்தது. போலீஸ் இரண்டு தடவை வந்து கேட்டபோது “கேமரா ரிப்பேர்” என்று சாதித்துவிட்டார். அழித்துவிடலாம்தான், ஆனால் அந்தப் பாவிகள் செய்த அட்டூழியத்துக்கு வேறு ஆதாரம் ஏது?

கூட்டம் கலைந்ததும் வந்தவன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, அடிபட்டவங்க எல்லாம் சேர்ந்து கேஸ் போடுறோம். வக்கீல் வீடியோ கேட்கிறாரு. உங்க கேமராவுல...”

“ரிப்பேர்.”

“அதைப் போலீஸ்கிட்ட சொல்லுங்க. என் மூஞ்சியைப் பார்த்துமா சொல்றீங்க?”

ஜெராக்ஸ்காரர் அந்தத் தையலைப் பார்த்தார். மனசு இளகிவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் அடி விழத் தொடங்கும் இடத்தைப் போட்டார்.

“இது வேணாம்ணே. இதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் போடுங்க.”

“அடிக்கிறதுதானே தம்பி கேஸு?”

“அடிச்சதுக்கு நூறு பேர் சாட்சி இருக்காங்க. கூட்டம் அமைதியா இருந்துச்சுன்னு காட்டணுமில்ல?”

நியாயமாகத்தான் பட்டது. திரையில் கூட்டம் நகர்ந்தது. மைக்கோடு ஒரு பெண் ஓரமாக வந்து, முகக்கவசத்தை இறக்கித் தண்ணீர் குடித்தாள். ஜெராக்ஸ்காரர் அவசரமாக அதைத் தாண்டி ஓட்டப் போக, அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நிறுத்துங்கண்ணே! இவங்கதான்!” அவன் குரல் தழுதழுத்தது. “நான் கீழே விழுந்து கிடந்தேன். என் மேல அடி விழாம இந்தப் பொண்ணுதான் குறுக்க விழுந்து தடுத்துச்சு. இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல. யார் பெத்த புள்ளையோ! அவங்க அப்பா அம்மா கால்ல விழணும்ணே.”

இரண்டு நாளாக மகளைத் திட்டித் தீர்த்திருந்தார் அவர். ‘உனக்கெதுக்குடி ஊர் வம்பு?’ என்று காலையில் போனில்கூட விடவில்லை. இப்போது அவருக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க எந்த அப்பனால் முடியும்?

“கால்ல எல்லாம் விழாதீங்க தம்பி” என்றார். “அது எம்பொண்ணுதான்.”

அவன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு எழுந்து, போனை எடுத்துக் காதில் வைத்தான்.

“ஐயா, ஜீப்பை அனுப்புங்க. மைக் பொண்ணோட அப்பா கடையிலதான் நிக்கிறேன்.”