கால்பங்குச் சாயல்

கொடுமுடிப் படித்துறையில் தெய்வானை தினமும் காலையில் காவிரித் தண்ணீரை மொண்டு இயந்திரத்தில் ஊற்றுவாள். சாயக்கழிவு எவ்வளவு, என்னென்ன மீன், ஆற்றின் மேற்பகுதியில் யார் குளித்தார்கள் என்பதுவரை அது சொல்லிவிடும். சோதிப்பவரின் கை பட்டுக் கலந்ததைக் கணக்கிலிருந்து கழிப்பதற்காக அவளுடைய மரபணுவும் அதில் பதிவாகியிருந்தது.

நான்கு வருடமாக அது ஒன்றையே கேட்டது: ‘உங்கள் சாயல் பாதி தெரிகிறது. நீக்கவா?’

கல்யாணச் சண்டையில் வீட்டைவிட்டுப் போன மகள் இளவேணி மேலே ஏதோ ஓர் ஊரில் குளிக்கிறாள். “தேடி வந்தா ஆறே இல்லாத ஊருக்குப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள். தெய்வானை தேடவுமில்லை, ஒருநாளும் நீக்கவுமில்லை.

இன்று அந்தப் பாதியோடு, ‘பெண்’ என்ற குறிப்புடன் ஒரு கால்பங்கும் வந்திருந்தது.

“ஏனுங்க்கா அழுவறீங்க?” என்றான் உடன் வேலை பார்க்கும் நாச்சிமுத்து.

“எனக்குப் பேத்தி பொறந்திருக்கறா. ஆத்துத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டியிருக்கறாங்க.”

அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் படியில் குனிந்து, இரண்டு கைகளையும் ஆற்றுக்குள் விட்டாள்.

“நீங்க தொட்ட தண்ணி மேல ஏறாதுங்க்கா.”

“அவளத் தொட்ட தண்ணி கீழ வருமில்ல, நாச்சி” என்றாள்.